சாம்பிராணியும் குணச் சான்றிதழும்

வாசனைத் திரவியங்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசனை எப்படி இருக்கிறது என்று இரண்டு வரி சொல்வார்கள். அது எப்படிப்பட்ட பெண்ணுக்குப் பொருந்தும் என்று பத்து வரி சொல்வார்கள். எலுமிச்சை கலந்தது என்றால் துறுதுறுப்பான கல்லூரிப் பெண். ரோஜா என்றால் மென்மையானவள். புகையும் வெதுவெதுப்பும் கலந்த அம்பர் என்று வரும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும்: மர்மமானவள், துணிந்தவள், இரவுக்கு உரியவள், எல்லோராலும் தாங்க முடியாதவள். பாராட்டுப் போலத்தான் தெரிகிறது. ஆனால் நம் ஊரில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த வரிகளைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றத் தெரியும். 'அவ ஒரு மாதிரி' என்பதைத்தான் பளபளப்பான அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்த வாசனையோடு எந்தச் சண்டையும் இல்லை. அதை மிகவும் பிடிக்கும். அதனுடன் சேர்த்துத் தரப்படும் இந்தக் குணச் சான்றிதழோடுதான் சண்டை.

அம்பர் என்ற பெயரே குழப்பமானது. கல்லாக இறுகிய மரப்பிசினில் செய்யும் அம்பர் மணிக்கும் இந்த வாசனைக்கும் சம்பந்தமில்லை. திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அம்பர்கிரிஸ் வேறொன்று; அதைக் கடத்தி நம் கடலோர மாவட்டங்களில் ஆட்கள் பிடிபடுவதைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கடையில் அம்பர் என்று விற்கப்படுவது ஒரு கலவை. மத்தியதரைக் கடலோரப் புதர்ச்செடியின் லாப்டனம் பிசின், வனிலா, பென்சாயின் ஆகியவை அதில் முக்கியமானவை. பென்சாயின் வேறு யாருமில்லை, நம் சாம்பிராணிதான். சுமத்ராவிலும் லாவோஸிலும் மரப்பட்டையைக் கீறி, வடிந்து உறைந்ததைச் சுரண்டி எடுக்கிறார்கள். பிரெஞ்சுக் குப்பிக்குள் போனால் அது மர்மம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆதம்பாக்கம் கருணீகர் தெருப் பக்கம் நடந்தால் அதுவே மளிகைக் கடை, அடகுக்கடை, செல்போன் கடை என்று வித்தியாசம் பார்க்காமல் சுற்றி வருகிறது. தூபக்காலும் மயிலிறகுமாகக் கடை கடையாக ஏறி இறங்கும் பாயிடம் யாரும் ஆளுமையைப் பற்றிக் கேட்பதில்லை.

ஆனால் அதே வாசனை ஒரு பெண்ணின் உடம்பில் ஏறினால் விசாரணை தொடங்கிவிடுகிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஈரக் கூந்தலைச் சாம்பிராணிப் புகையில் காட்டினால் 'லட்சுமிகரமா இருக்கு' என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் புகை போட்டால் அது பக்குவம். அதே பிசினை ஆல்கஹாலில் கரைத்து, செவ்வாய்க்கிழமை காலை மணிக்கட்டில் இரண்டு சொட்டு வைத்துக்கொண்டு பரங்கிமலை ஸ்டேஷனுக்கு நடந்தால் கேள்வி வேறு: 'யாருக்காக?' மூலக்கூறு மாறவில்லை, உரிமைதான் மாறியிருக்கிறது. கூந்தல் புகை வீட்டுக்குச் சொந்தம். கணவனுக்கும் குழந்தைக்கும் தெய்வத்துக்கும் சேரவேண்டியது. மணிக்கட்டில் இருப்பதற்கு அவளைத் தவிர வேறு பயனாளி இல்லை. அதுதான் பிரச்சினை.

இந்தப் புகைக்கு யார் விலை கொடுத்தது என்பதற்கு நம்மிடம் பழைய கதை ஒன்று இருக்கிறது. ஆதம்பாக்கத்திலிருந்து அதிக தூரமில்லாத குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் எழுதியது. திருக்கடவூரில் குங்கிலியக் கலயர் என்றொருவர். சிவனுக்குக் குங்கிலியத் தூபம் போடுவது அவர் தொண்டு. சொத்தெல்லாம் தூபமாகக் கரைந்து, பிள்ளைகள் பட்டினி கிடக்கும் நிலை வருகிறது. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து நெல் வாங்கி வரச் சொல்கிறாள். வழியில் குங்கிலியப் பொதி வருகிறது. அவர் தாலிக்குக் குங்கிலியம் வாங்கி, நேரே கோயிலுக்குப் போய்விடுகிறார். பிள்ளைகளோடு பசியில் படுத்த மனைவியின் கனவில் சிவன் வந்து வீட்டைப் பொன்னும் நெல்லுமாக நிரப்புகிறார். கலயர் நாயனார் ஆகிறார். அவள் கடைசிவரை 'மனைவியார்'.

பக்தியைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு பொதி நறும்புகையின் கணக்கைப் பாருங்கள்: விலை அவள் கழுத்திலிருந்து போகிறது, பசி அவள் பிள்ளைகளுக்கு, பெயர் அவருக்கு. இறைவன் தலையிடாமல் இருந்திருந்தால் கதை எப்படி முடிந்திருக்கும் என்று நம் பாட்டிமாரிடம் கேட்டால் தெரியும். அவர்கள் வீடுகளில் பெரும்பாலும் யாரும் தலையிடவில்லை.

வாசனையை வைத்துப் பெண்களைப் பிரிக்கும் வேலையையும் பிரெஞ்சுக்காரர்கள் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி, ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்கத் துவரும் விரையும் ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலைக் கழுவி, நறும்புகையில் உலர்த்தி, கஸ்தூரிக் குழம்பு பூசுகிறாள். இளங்கோ அதை ரசித்து ரசித்துச் சொல்கிறார். அதே காவியத்தில் அவனைப் பிரிந்த கண்ணகியோ கூந்தலுக்கு எண்ணெய்கூட இடாமல் இருக்கிறாள். மணப்பவள் கணிகை, மணக்காதவள் பத்தினி. இரண்டு கூந்தலின் நிலையும் ஒரே ஆள் எந்த வீட்டில் இருக்கிறான் என்பதைப் பொறுத்து முடிவாகிறது. வாசனைக் கடை அட்டையில் இருக்கும் 'இவளுக்கு இது' பட்டியலின் மூலப்பிரதி இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

தருமி கதையைச் சொல்லவே வேண்டாம். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷைப் பார்க்காதவர் யார்? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். ஆயிரம் பொன் பரிசு. ஒரு புலவன், ஒரு கடவுள், ஒரு நக்கீரர். தமிழ்ச் சங்கமே கூடி வாதாடுகிறது. அரசி பக்கத்து அறையில்தான் இருந்திருப்பாள். அவளைக் கேட்டிருந்தால் என்ன தேய்த்தாள், எதில் உலர்த்தினாள் என்று அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள். ஆயிரம் பொன்னும் மிச்சம்.

இப்போது பாரிஸ். புகையும் வனிலாவும் கலந்த அம்பர் வகையில் உலகப் புகழ் பெற்றது கெர்லான் நிறுவனம் 1925இல் பெரிய அளவில் அறிமுகப்படுத்திய 'ஷாலிமார்'. ஷாஜகானுக்கும் மும்தாஜுக்கும் இருந்த காதலை நினைத்துச் செய்ததாகச் சொல்லி விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். மும்தாஜ் இறந்தது 1631இல், புர்ஹான்பூரில், 14ஆவது பிரசவத்தில். லாகூரின் ஷாலிமார் தோட்டம் அமைக்கப்பட்டதே அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து. பதினான்கு பிரசவம் குப்பியின் கதையில் வராது, வந்தால் விற்காது. அந்த நாளில் மரியாதையான பெண் செய்யக்கூடாதவை மூன்று என்று ஒரு பேச்சு உண்டாம்: புகைபிடிப்பது, டாங்கோ ஆடுவது, ஷாலிமார் பூசுவது. பாரிஸிலும் 'யாருக்காக?' இருந்திருக்கிறது.

இந்த வாசனை வகைக்கே நெடுங்காலம் 'ஓரியண்டல்' என்றுதான் பெயர். கீழைத்தேயம். அதாவது நாம். நம் வீட்டுப் பிசினும் நம் பெண்களைப் பற்றிய அந்தப்புரக் கற்பனையும் ஒரே அடைமொழியில் அடக்கம். வாசனைத் துறை பின்பற்றும் முக்கிய வகைப்பாடு ஒன்று 2021இல்தான் அந்தச் சொல்லைக் கைவிட்டு 'அம்பர்' என்று மாற்றிக்கொண்டது. சொல் போனது, மர்மப் பெண் அப்படியே இருக்கிறாள்.

ஆண்களுக்கான குப்பிகள் எந்தக் கதையை விற்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே வாசனை ஆயுதம்: அடித்துக்கொண்டால் பெண்கள் தாமாக வந்து விழுவார்கள். 2022 ஜூனில் 'லேயர் ஷாட்' விளம்பரங்கள் நினைவிருக்கலாம். நான்கு ஆண்கள், தனியே ஒரு பெண், 'ஷாட்' என்ற சொல்லை வைத்து ஓர் இரட்டை அர்த்தம், அவள் முகத்தில் பயம். பார்த்த பெண்கள் கொதித்த பிறகு, ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அவற்றை நீக்கச் சொன்னது. கூட்டு வன்முறையை நகைச்சுவையாக்க ஒரு விளம்பர நிறுவனத்துக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? பெண் மணந்தால் அது அழைப்பு, ஆண் மணந்தால் அது அதிகாரம் என்று நூறு விளம்பரங்கள் ஏற்கெனவே பாடம் நடத்தியிருந்தன.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியப்பா இறந்த பிறகு பூவும் பொட்டும் போனது எல்லாரும் எதிர்பார்த்தது. கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டுவதையும் அவர் நிறுத்தியது யார் கண்ணிலும் படவில்லை. வீட்டில் புகை போட்டார்கள். பேத்திகளின் தலைக்குக் கூடையைக் கவிழ்த்துப் பிடித்தவர் அவரேதான். தன் தலையை மட்டும் அதற்கு மேல் சாய்க்கவில்லை. ஏன் பெரியம்மா என்று ஒருமுறை கேட்டேன். 'எனக்கு எதுக்குடி இனிமே?' என்றார். 'யாருக்காக?' என்ற கேள்வியை முப்பது வருடம் கேட்டுக்கொண்டே இருந்தால், கடைசியில் யாரும் கேட்காமலே நாமே பதில் சொல்லிவிடுவோம்.

தோழர்கள் சிலர் சொல்வார்கள்: ஐயாயிரம் ரூபாய்க் குப்பிக்குப் பெண்ணியம் எதற்கு, இது முதலாளித்துவ ஆடம்பரம். பாதி சரி. 'உன் ஆளுமையை அணிந்துகொள்' என்று நம் சொல்லையே நமக்கு விற்கிறார்கள் என்பது உண்மை. மைசூரு, பெங்களூரு பக்கம் ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி ஊதுபத்தி உருட்டும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை என்பதும் உண்மை. வாசனை பற்றிப் பேசும் எந்த அட்டையிலும் அந்தக் கைகள் இல்லை. ஆனால் அதே தோழர்கள் காதுமடிப்பில் அத்தர் பஞ்சு வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வரும்போது ஆடம்பரம் என்று யாரும் தீர்மானம் போட்டதில்லை. நமக்கு இன்பம் என்று வரும்போதுதான் எல்லாருக்கும் பொருளாதாரம் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். இன்று அது வசைச்சொல். யாருடைய வாசனை நறுமணம், யாருடையது நாற்றம் என்பதை இந்த ஊரில் சாதிதான் தீர்மானிக்கிறது. வாடகை வீடு தேடியவர்களுக்குத் தெரியும்: கருவாட்டு மணத்தின் பெயரில்தான் கதவு மூடப்படும். விறகடுப்பில் வெந்த பெண்ணின் புடவையில் இருந்த புகைக்கு முகம் சுளித்தவர்கள், அதே விறகுப்புகையைக் குப்பியில் வாங்கி 'தைரியமான வாசனை' என்கிறார்கள். என் மணிக்கட்டு அம்பருக்கு வக்காலத்து வாங்கிவிட்டு, ரயிலில் மீன்கூடையோடு ஏறுகிற அக்காவைப் பார்த்து நான் மூக்கைப் பொத்தினால் இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போடலாம்.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில உபயோகமான விஷயங்கள். திருவல்லிக்கேணி அத்தர் கடைகளில் சின்னக் குப்பியாகவும் வாங்கலாம், பெரிய பணம் வேண்டாம். காகிதத்தில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். பழமும் எலுமிச்சையும் முதலில் வரும், சீக்கிரமே போய்விடும். பிசின்கள் கனமானவை, தோல் சூட்டில் அரைமணி நேரம் கழித்துத்தான் எழுந்து வரும், நம் வெயிலில் கொஞ்சம் முன்னதாகவே. அதனால் ஒரு சொட்டு மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். 'சாருக்கா மேடம்?' என்று கடைக்காரர் கேட்பார். எனக்கு என்று சொல்லுங்கள். அட்டையில் எழுதியிருப்பதை அவர் வாசித்துக் காட்டத் தொடங்கினால், இது எத்தனை மணி நேரம் நிற்கும் என்று மட்டும் கேளுங்கள்.