பணவனுப்பல்: குறைந்தது தொகையா, மாறியது வழியா?

வெளிநாடுகளில் பணிபுரிவோர் தம் குடும்பங்களுக்கு அனுப்பும் பணமாகிய தொழிலாளர் பணவனுப்பல், இலங்கையின் வர்த்தகப் பற்றாக்குறையின் பெரும்பகுதியை நீண்டகாலமாக ஈடுசெய்து வந்துள்ளது. மத்திய வங்கியின் தரவுகளில் 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலராக இருந்த இத்தொகை, 2021இல் 5.5 பில்லியனாகவும் 2022இல் 3.8 பில்லியனாகவும் வீழ்ந்தது. ஆனால் அதே 2022இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்து புறப்பட்டோர் 3 இலட்சத்தைத் தாண்டினர். புதிதாகச் சென்றவர்கள் பணம் அனுப்பத் தொடங்கச் சில மாதங்கள் ஆகும் என்பதைக் கருத்திற்கொண்டாலும், ஏற்கனவே அங்கிருந்தோரின் உழைப்பு இரண்டே ஆண்டுகளில் பாதியாகிவிட்டதெனக் கொள்ள இயலாது.

இம்முரணுக்கு விடை நாணயமாற்று வீதத்தில் உள்ளது. 2022 மார்ச் 7இல் ரூபா நெகிழவிடப்படும்வரை ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவில் தடுத்து வைக்கப்பட்டிருந்தது; வங்கிவழி அனுப்புவோருக்கு டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டிருந்தது. வெளிச்சந்தையில் 240 ரூபா அளவில் விலை கிடைத்தபோது, 500 டொலர் அனுப்பிய தொழிலாளி வங்கியை நாடியிருந்தால் அவரது குடும்பம் சுமார் 15,000 ரூபாவை இழந்திருக்கும். உண்டியல் எனப்படும் முறைசாரா வழியில், தொழிலாளியின் ரியாலோ திர்ஹமோ வளைகுடாவிலுள்ள முகவரிடமே தங்கிவிட, அவரது கூட்டாளி இங்கே ரூபாவை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்; நாட்டுக்குள் வராத அந்நாணயத்தைக் கொண்டு, வங்கியில் நாணயக் கடிதம் திறக்க இயலாத இறக்குமதியாளர் தம் கொள்வனவுக்குப் பணம் செலுத்துவார். ஆகவே குடும்பத்தின் கைக்குப் பணம் வந்தது. வங்கித்தொகுதிக்கு டொலர் வரவில்லை.

இதிலிருந்து துறைசார்ந்தோர் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. பணவனுப்பல் புள்ளிவிபரம் புலம்பெயர் உழைப்பின் முழு வருவாயை அளப்பதன்று; அதில் முறைசார்ந்த வழியைத் தேர்ந்த பங்கையே அளக்கிறது. வீழ்ச்சியைத் தொழிலாளரின் நாட்டுப்பற்றுக் குறைவாகக் கண்டு வேண்டுகோள் விடுத்ததும் சிறு ஊக்கத்தொகையை நம்பியதும், வீத இடைவெளி என்னும் மூலகாரணத்தைத் தொடாத பரிகாரங்களாகவே முடிந்தன.

இந்த எச்சரிக்கை ஏற்றத்துக்கும் பொருந்தும். 2023இல் ஏறத்தாழ 6 பில்லியனாகவும் 2024இல் 6.6 பில்லியனாகவும் மீண்டெழுந்த தொகையில், புதிய உழைப்பின் பயன் எவ்வளவு, உண்டியலிலிருந்து வங்கிக்குத் திரும்பிய பழைய பணம் எவ்வளவு என்பதைப் பிரித்தறியாமல், அதை வேலைவாய்ப்புக் கொள்கையின் வெற்றியாகப் பதிவுசெய்வது முறையன்று. புறப்பாட்டுப் பதிவுகளையும் வீத இடைவெளியையும் பணவனுப்பல் தொடருடன் சேர்த்து வாசிப்பதோடு, குடும்ப வருமானம் பற்றிய கள ஆய்வுகளில் வெளிநாட்டுப் பணத்தின் அளவைக் கேட்கும் இடத்திலேயே அது வந்த வழியையும் கேட்டுப் பதிவது ஆய்வாளரின் வழக்கமாதல் வேண்டும்.