பள்ளி மைதானத்தைப் பூட்டிவிட்டு அகாடமி வாசலில் நிற்பதா?



வரதய்யபாளையத்திலும் சத்தியவேட்டிலும் தடாவிலும் நம்மவர் வீடுகளில் ஒரு புதுக் கவலை புகுந்திருக்கிறது. 13, 14 வயதுப் பையன் பந்து நன்றாக உதைக்கிறான். அவனைப் பள்ளி அணியிலேயே விட்டுவைப்பதா, சென்னையில் ஒரு கிளப் அகாடமியில் பணம் கட்டிச் சேர்ப்பதா? ஸ்ரீசிட்டியில் ஷிப்டு பார்க்கும் தகப்பன்மார் சங்கக் கூட்டத்துக்கு வந்தால் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. அவர்களுக்குப் பதில் சொல்ல முந்திக்கொள்பவர்கள் யார் என்பதுதான் பிரச்சினை. வண்ணத் துண்டறிக்கையும் ரசீதுப் புத்தகமுமாக வருகிற ஏஜெண்டுகள் முந்திக்கொள்கிறார்கள்.

நம் நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவோம். பையனைப் பள்ளி அணியை விட்டு எடுக்காதீர்கள். காசு கேட்கும் அகாடமிக்குக் கடன் வாங்காதீர்கள். பள்ளி மைதானத்தைச் சீர்செய்யச் சொல்லி அரசாங்கத்தையும் முதலாளியையும் கேளுங்கள்.

"பள்ளிக்கூடத்தில் கால்பந்தா? அங்கே என்ன இருக்கிறது?" என்று சிரிக்கிறவர்களுக்கு ஒரு வரலாறு. இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உண்டாக்கிய பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடியும் தங்கம். இவ்வளவையும் செய்த அந்த மனிதர் தொழிலால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர் நம் தமிழர் சைமன் சுந்தரராஜ். அதற்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்துப் போட்டியில் கால் வைக்கவே இல்லை. அந்தக் காலத்தில் அகாடமிகள் இல்லை. பள்ளி இருந்தது, தெரு இருந்தது, போலீஸ், ராணுவம், ரயில்வே அணிகள் இருந்தன.

எதிர்வாதத்திலும் உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நம் பழக்கமல்ல. பள்ளிப் போட்டிகள் சில வாரங்களில் முடிந்துவிடுகின்றன. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார், திருப்பித் தருவதே இல்லை. வயதைக் குறைத்துக் காட்டி ஆடவைக்கும் மோசடி 1960-ல் தொடங்கிய சுப்ரதோ கோப்பையையும் விட்டுவைக்கவில்லை. அகாடமியிலோ ஆண்டு முழுக்கப் பயிற்சி, உரிமம் பெற்ற கோச், புல் தரை. எல்லாம் சரி. பள்ளி ஏன் இப்படி ஆயிற்று? 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியரும் வேண்டும் என்கிறது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2012-ல் அப்படிப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு வேலைக்கு வைத்தார்கள். 5,000 ரூபாய் வாத்தியாரிடமிருந்து ஐரோப்பியப் பயிற்சியை எதிர்பார்ப்பது நியாயமா? முதலில் பள்ளியைப் பட்டினி போடுவது, பிறகு பள்ளி மெலிந்துவிட்டது என்று பழிப்பது, கடைசியில் அதே இடத்தில் கடை திறப்பது. மருத்துவமனையிலும் பஸ்ஸிலும் பார்த்த வித்தைதான் இது.

பணக்கார அமெரிக்காவில் என்ன நடந்தது பாருங்கள். அங்கே கால்பந்துச் சம்மேளனம் 2007-ல் 'டெவலப்மெண்ட் அகாடமி' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. 2012-ல் ஆட்டக் காலத்தைப் பத்து மாதமாக்கி, அகாடமிப் பையன் தன் உயர்நிலைப் பள்ளி அணிக்கு ஆடக்கூடாது என்று விதி போட்டார்கள். சக மாணவர்கள் முன்னால் ஆடும் சந்தோஷத்தை விட்டுவிட்டுப் பிள்ளைகள் போனார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா வந்ததும், பணமில்லை என்று சொல்லி அந்த ஏற்பாட்டையே சம்மேளனம் மூடிவிட்டது. பள்ளிகளும் அன்று பூட்டித்தான் கிடந்தன. ஆனால் கொரோனா போனதும் திறந்தன. சம்மேளனத்தின் அகாடமி திறக்கவில்லை. அதன் இடத்தை வேறு லீக்குகள் பிடித்துக்கொண்டன.

நம் பக்கத்துக் கதை இதைவிட மோசம். ஐதராபாத் எஃப்.சி. 2021-22 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. சீக்கிரமே வீரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்து, 2025-ல் ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டு டெல்லிக்குப் போய்விட்டது. ரஹீம் பிறந்த ஊரின் கிளப் மூட்டை கட்டிப் போன விதம் இது! அதே 2025-ல் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் கம்பெனிக்கும் இடையே ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஜூலையில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் இரண்டு முறை சாம்பியனான சென்னையின் எஃப்.சி. தன் பணிகளைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. பெரிய கிளப்பின் கதியே இப்படியென்றால், வாடகை மைதானத்தில் கொடி நட்டிருக்கும் சில்லறை அகாடமியை நம்பிப் பையனின் பத்தாம் வகுப்பைப் பணயம் வைக்கலாமா?

வரவு செலவையும் பார்ப்போம். ஒரு வீரன் வெளிநாட்டுக் கிளப்புக்கு விலைபோனால் அந்தத் தொகையில் 5 சதவீதத்தை, 12 வயது முதல் 23 வயது வரை அவனைப் பழக்கிய கிளப்புகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. கிளப்புகளுக்குத்தான், கிளப்பாகப் பதிவாகாத பள்ளிக்கும் அதன் டிரில் மாஸ்டருக்கும் தம்பிடி கிடையாது. வெயிலில் விசில் ஊதி வளர்த்தவர் ஒருவர், பெயரைப் பதிவு செய்துகொண்டவர் இன்னொருவர்.

ஜாம்ஷெட்பூரில் 1987-ல் தொடங்கிய டாடா அகாடமி தேர்ந்தெடுத்த பையனுக்குச் சோறும் படுக்கையும் படிப்பும் கொடுத்துத்தான் வைத்துக்கொண்டது. உண்மையிலேயே உங்கள் பிள்ளையை வேண்டுகிறவன் உங்களிடம் பணம் கேட்கமாட்டான். அப்படி ஓர் அழைப்பு வந்தால் தாராளமாக அனுப்புங்கள், நாமே வழியனுப்ப வருவோம்.

"அகாடமியில் சேர்ந்தால் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை நிச்சயம்" என்றும் ஏஜெண்டுகள் சொல்லித் திரிகிறார்கள். ரயில்வே அலுவலகத்தில் பேனா பிடிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே முதலில் கேட்பது வயது 18, பிறகு பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், அப்புறம் அங்கீகரிக்கப்பட்ட மாநில, தேசியப் போட்டிகளில் சாதனை. அகாடமி கண்ணாடி போட்டுத் தரும் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும். பள்ளிப் பதக்கம் மட்டுமே போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளியை விட்டவனுக்கு முதல் படியே இல்லை. தினமும் பையனைத் தடாவிலிருந்து மின்சார ரயிலில் அனுப்பிவிடலாம் என்று எண்ணுகிறவர்கள், கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எத்தனை வண்டி ஓடுகிறது என்று கால அட்டவணையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கட்டும்.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. "இங்கே பள்ளியில் ஆடினால் ஆந்திராவுக்கு ஆடவேண்டும், சென்னையில் சேர்த்தால் நம் தமிழ்நாட்டுக்கு ஆடுவான்." 1960 ஏப்ரல் 1-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. கோடு போட்டவர்கள் நம்மைக் கேட்கவில்லை. அதற்காக ஜில்லா பரிஷத் பள்ளியில் தெலுங்குப் பையனோடு தோளில் கைபோட்டு ஆடுகிறவனைப் பிரித்தெடுக்க வேண்டுமா? ஆந்திராவின் சட்டை போட்டுக் கோல் அடித்தால் அவன் தமிழ் கரைந்துவிடாது. இந்தப் பள்ளிகளில் தமிழ்வழி வகுப்புகள் தேய்வதைப் பற்றி வாய் திறக்காதவர்கள் சட்டையின் நிறத்துக்காகக் கொதிப்பது வேடிக்கை.

செய்ய முடியுமா என்றால், வியாசர்பாடி செய்து காட்டியிருக்கிறது. வடசென்னையில் அந்தக் குடிசைப் பகுதி இளைஞர்கள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து இலவசமாக, படிப்பையும் பந்தையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கொடுத்துவருகிறார்கள். ஆண் பிள்ளைகள் மட்டுமல்ல, பெண் பிள்ளைகளும் அங்கே ஆடுகிறார்கள். நம் சங்கத்திலும் அந்தக் காலத்தில் மாவட்ட அளவில் ஆடிய தோழர்கள் உண்டு. மாலை 5 மணிக்கு மேல் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட்டால் விசில் ஊத ஆள் இருக்கிறது.

பணம்? ஸ்ரீசிட்டியே சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களின் நிலத்தில்தான் நிற்கிறது. 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி 5 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனி, மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதன் ஏழாவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி எழுத்திலேயே இருக்கிறது. சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்பதும் அதே சட்டம்தான். ஆகவே மனு தயார் செய்திருக்கிறோம்: பள்ளி மைதானத்துக்குச் சுற்றுச்சுவர், கோல் கம்பம், விளக்கு, முழுநேர உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், பெண் பிள்ளைகளுக்குத் தனி உடைமாற்றும் அறை. ஒரு பிரதி மண்டலக் கல்வி அதிகாரிக்கு, ஒரு பிரதி கம்பெனி நிர்வாகங்களுக்கு. தமிழிலும் தெலுங்கிலும் அச்சாகியிருக்கிறது. தெலுங்குப் பெற்றோர் வீடுகளுக்கும் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். கிளைச் செயலாளர்கள் படிவங்களை இந்த வாரமே வாங்கிக்கொள்ளவும்.