கொலைக் கதையில் சிரிப்புக்கு இடமுண்டா?

உண்மையாக நடந்த கொலையொன்றை நகைச்சுவைப் படமாக்கலாம் என்றால், "இழவு வீட்டில் இளிப்பா?" என்று சீறுவோர் உண்டு. அச்சீற்றத்தில் நியாயமும் உண்டு. ஆயின், யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

பிரான்சில் பல பெண்களைக் கொன்று 1922-இல் தலை துண்டிக்கப்பட்டவன் லாண்ட்ரு. அவன் கதையைத் தழுவியே 1947-இல் 'மான்சியர் வெர்டூ' படத்தை எடுத்தார் சாப்ளின். தனியொருவன் கொன்றால் தூற்றி, நாடுகள் கொன்றால் போற்றும் உலகத்தையே அவர் அதில் எள்ளினார்.

நம்மிடமும் அத்தகைய கதை ஒன்று உண்டு. அதுதான் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. திரை நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை அச்சேற்றி விற்றவர் அவர். 'சினிமா தூது' இதழை எதிர்த்து நட்சத்திரங்கள் ஆளுநரிடம் முறையிட, உரிமம் பறிபோயிற்று. 'இந்து நேசன்' என்ற பெயரில் அதே சரக்கு மீண்டும் வந்தது! 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் மாண்டார். தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945-இல் ஆயுள் தண்டனை. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு, 1947 ஏப்ரலில் இருவரின் விடுதலையில் முடிந்தது.

இதில் நகைச்சுவை எங்கே? சென்னை பிராட்வே அரங்கிலே இருக்கிறது! அவ்விருவரும் நடித்த 'ஹரிதாஸ்' அங்கே மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவற்றுள் இரண்டு தீபாவளிகளின்போது பாடியவர் சிறையில். சிரிக்க வைத்தவரும் சிறையில்! மஞ்சள் ஏட்டை ஒளித்துவைத்துப் படித்த கையும், கொட்டகையில் ஓங்கித் தட்டிய கையும் ஒரே ஊரின் கைகள்தாமே? நகை பிறக்கும் இடங்களுள் பேதைமையையும் ஒன்றாக எண்ணினார் தொல்காப்பியர். இங்கே பேதைமை, வாங்கிப் படித்தவருடையது. வாங்குவோர் இல்லையேல் விற்பவர் ஏது?

ஆயினும் எல்லை வேண்டும். இறந்தவரின் குருதி கேலிப்பொருள் அன்று. விடுதலை பெற்றவர்மீது மீண்டும் பழி சுமத்துவதும் தகாது. கொன்றவர் யாரென்பது இன்றும் தெளிவாகவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுவது, ஆய்வுக்கூடத்தில் அளக்காத அளவை ஏட்டில் எழுதுவதற்கு ஒப்பாகும்.

இன்று 'இந்து நேசன்' இல்லை; பெங்களூர் விடுதி அறைதோறும் கைப்பேசி இருக்கிறது. ஒருவரைப் பற்றிய அவதூறு இரவில் கிளம்பினால், காலைச் சிற்றுண்டிக்குள் எல்லோரையும் எட்டிவிடுகிறது. பொய்யென்று தெரிந்தபின் வருந்துவோர் எத்தனை பேர்?

படமெடுக்க நம்மிடம் பணமில்லை; ஆண்டு விழா மேடை இருக்கிறது. நாடகம் தேடும் மன்றத்துத் தோழர்களே! இந்தக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கொலையாளியை விட்டுவிட்டு, மஞ்சள் ஏட்டை ஆவலோடு புரட்டும் வாசகனை நடுமேடையில் நிறுத்துங்கள். அவனைக் கண்டு வயிறு குலுங்கச் சிரிப்போம். சிரித்தபடியே நம் கையில் இருப்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.