டிசம்பர் பதினொன்று: கரும்பலகை சொல்லாதவை

கல்லூரி நுழைவாயிலை அடுத்த கரும்பலகையில் 'வரலாற்றில் இன்று' என்னும் தலைப்பிட்டு நான்கு வரி எழுதிவைக்கும் நல்வழக்கம் பல கல்லூரிகளில் நெடுநாளாக உண்டு. எமது துறை மாணவர்களும் அப்பணியை ஆர்வத்தோடு செய்து வருகின்றனர். டிசம்பர் 11 வந்தால் அவர்கள் எழுதுவது பெரும்பாலும் இதுதான்: மகாகவி பாரதியார் பிறந்தநாள் (1882), சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் பிறந்தநாள் (1969), ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் தோன்றிய நாள் (1946). எழுத்து அழகாக இருக்கும். பிழையும் இராது. வகுப்பு மணி அடித்ததும் பிள்ளைகள் அதைக் கடந்து போவர். மறுநாள் காலையில் ஈரத்துணி ஒன்று பாரதியையும் ஆனந்தையும் ஒருசேரத் துடைத்துவிடும். போட்டித் தேர்வுக்கு ஆயத்தம் செய்வோர் மட்டும் குறிப்பேட்டில் பெயர்த்து எழுதிக்கொள்வர்.

இவ்வழக்கத்தை நாம் பழிக்க வரவில்லை. அது அந்த நான்கு வரியோடு நின்றுவிடுகின்றதே என்பதுதான் நமது குறை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஒரே நாளில் பிறந்தமையால் இருவருக்கிடையே ஏதோ மறைபொருளான தொடர்பு உண்டு என்று எண்ணுவதற்கு இடமில்லை. நாளையும் எண்ணையும் கூட்டிப் பலன் சொல்வோர் நம் ஊர்களில் பெருகிவருகின்றனர். அவர்களுக்குக் கணிதத்துறையினர் எளிதில் விடை கூறுவர். ஓர் அறையில் 23 பேர் கூடியிருந்தால், அவருள் எவரேனும் இருவர்க்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல். ஐம்பது பேர் அமர்ந்துள்ள வகுப்பறையில் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 97. உலக மக்கள்தொகை 800 கோடியைக் கடந்துவிட்ட இக்காலத்தில், டிசம்பர் 11-ஐப் பிறந்தநாளாகக் கொண்டோர் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் இருத்தல் இயல்பு. அவருள் சிலர் கவிஞராகவும் சிலர் கடைக்காரராகவும் இருப்பதில் வியப்பில்லை.

அங்ஙனமாயின் அந்நாளால் பயன் யாது? நம் துறைக்கு வெளியே உள்ள ஒருவரை நாம் சந்திக்க அது ஒரு சாக்கு. அவ்வளவே. ஆயினும் அந்தச் சாக்கு இல்லாவிடின் நம்மில் பலர் ஒருபோதும் அச்சந்திப்பை நிகழ்த்தமாட்டோம்.

எடுத்துக்காட்டாக, பாரதியார் எட்டயபுரத்தில் பிறந்த அதே 1882 டிசம்பர் 11-இல், செருமானியப் பேரரசின் பிரெசுலாவு நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் மற்றொரு குழந்தை பிறந்தது. அந்நகரம் இன்று போலந்து நாட்டில் விரோத்சுவாஃப் என வழங்குகின்றது. அக்குழந்தை பின்னாளில் குவாண்டம் இயற்பியலின் தலைமகன்களுள் ஒருவராகிய மாக்ஸ் போர்ன். இயற்பியல் மாணவர்க்கு இப்பெயர் பாடநூலிலேயே வரும். தமிழ்த்துறையில் உள்ள நாம் எத்தனை பேர் அறிவோம்? எட்டயபுரத்துப் பிள்ளையும் பிரெசுலாவுப் பிள்ளையும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். எனினும் இருவர் வாழ்வையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது சில இடங்களில் நெஞ்சு நின்றுவிடுகின்றது. ஆங்கில அரசின் கைக்குத் தப்பிப் பாரதியார் 1908-இல் புதுச்சேரி சென்றார். பத்தாண்டு அங்கே தங்கினார். 1933-இல் நாசி அரசு பிறப்பைக் காரணம் காட்டிப் போர்னைக் கெட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியினின்று அகற்ற, அவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறினார். எழுதியமைக்காக ஒருவர் ஊர் நீங்கினார். பிறந்தமைக்காக மற்றவர் நாடு நீங்கினார்.

போர்னின் அலைச்சல் அவரை நம் பக்கமும் கொண்டுவந்து சேர்த்தது. சர் சி. வி. இராமன் அழைக்க, 1935-36-இல் சில மாதங்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் தங்கிப் பணிபுரிந்தார். அங்கேயே நிலைத்திருக்கும் வாய்ப்பு கைகூடாமற்போகவே, எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். 1954-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசுகள் ஆண்டுதோறும் டிசம்பர் 10-இல் வழங்கப்படுகின்றன. மறுநாள், அதாவது தமது எழுபத்திரண்டாம் பிறந்தநாளன்று, ஸ்டாக்ஹோமில் அவர் பரிசுப் பேருரை நிகழ்த்தினார். பொருள், குவாண்டம் இயக்கவியலுக்குப் புள்ளியியல் நோக்கில் தரும் விளக்கம். சுருங்கச் சொன்னால், அணுவின் உலகில் நிகழ்வாய்ப்புக்குள்ள இடம் பற்றியது. தற்செயலைப் பற்றிப் பேசியவர் தற்செயலாகத் தம் பிறந்தநாளில் பேசினார் என்பதைக் கணிதத்துறை நண்பர்கள் சுவைப்பர். நமக்கு உறைப்பது வேறொன்று. 1954-இல் பாரதியார் உயிரோடிருந்தால் அவருக்கும் அன்று வயது எழுபத்திரண்டு. முப்பத்தொன்பதையும் எட்டாமல் மறைந்தவரை நாம் என்றும் முறுக்கிய மீசையோடும் தலைப்பாகையோடும் நினைத்துப் பழகிவிட்டமையால், நரைத்த பாரதியை எண்ணிப் பார்க்கவும் நமக்கு வருவதில்லை. நாம் இழந்தது எவ்வளவு என்பதை அளந்துகாட்ட ஒரு செருமானிய அறிஞரின் முதுமை நமக்கு வேண்டியிருந்தது!

இனி, எமது மனத்தில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் செய்திக்கு வருகின்றோம். 1911-ஆம் ஆண்டு டிசம்பர் 11-இல் கெய்ரோ நகரின் பழம்பகுதியாகிய கமாலியாவில் பிறந்தவர் நஜீப் மஹ்ஃபூஸ். அரபு மொழியில் எழுதி இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல்வர் அவரே. அவரது பிறப்பு இடர் மிகுந்ததாக அமைந்ததாம். தாயையும் சேயையும் காத்த மருத்துவர் காப்டிக் கிறித்தவர். அந்நன்றியை மறவாத முஸ்லிம் பெற்றோர் அம்மருத்துவரின் பெயரையே முழுமையாகத் தம் மகவுக்குச் சூட்டினர். நெடுங்காலம் அரசு அலுவலராகப் பணியாற்றிக்கொண்டே எழுதினார். தாம் பிறந்து வளர்ந்த தெருக்களையே மூன்று பெரும் நாவல்களாக ஆக்கி 1956, 57-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். 1988-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் ஸ்டாக்ஹோம் செல்லவில்லை; அவருடைய புதல்வியர் இருவர் சென்று பெற்றுவந்தனர். பரிசளித்த மறுநாள் அவருக்கு எழுபத்தேழு வயது நிறைந்தது.

அவரது நாவல் ஒன்று 1959-இல் செய்தித்தாளில் தொடராக வந்தபோது எகிப்தின் சமய அறிஞர்கள் கடுமையாக மறுத்துரைத்தனர் என்பதை இங்கு மறைக்க வேண்டியதில்லை. அம்மறுப்பை ஏற்போரும் நம்மிடையே இருக்கலாம். மறுப்பதற்கும் முதலில் படித்தாக வேண்டுமன்றோ? ஆனால் 1994-இல் ஒருவன் எண்பத்திரண்டு வயது முதியவரின் கழுத்தில் கத்தியைப் பாய்ச்சினானே, அதற்குப் படித்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. உயிர் பிழைத்தார், எழுதும் கை பழுதுபட்டது. அதன் பின்னும் மிகச் சிறு கதைகளாக எழுதிவந்து 2006-இல் மறைந்தார்.

எமது உறுத்தல் இதுதான். நம் கல்லூரி போன்ற நிறுவனங்களில் முதற்பகுதி மொழியாகத் தமிழும் அரபியும் உருதுவும் பயிற்றுவிக்கப்படுகின்றன. அறைகள் அடுத்தடுத்து உள்ளன. இடையில் ஒரே ஒரு செங்கற்சுவர். டிசம்பர் 11 அன்று சுவரின் இப்பக்கம் பாரதி விழா நடைபெறுகின்றது. அப்பக்கம் இலக்கண வகுப்பு நடைபெறுகின்றது. இருபதாம் நூற்றாண்டு அரபு இலக்கியத்தின் பெரும் படைப்பாளி ஒருவருக்கும் அன்றே பிறந்தநாள் என்று தமிழ்த்துறையும் சொன்னதில்லை, அரபுத்துறையும் கேட்டதில்லை. உருதுத்துறைக்கும் அன்று பங்குண்டு. பெஷாவரில் 1922 டிசம்பர் 11-இல் யூசுஃப் கான் என்னும் பெயரோடு பிறந்து, திலீப் குமாராகத் திரையில் உருதுச் சொல்லுக்குரிய ஒலியழகை இந்தியா முழுவதும் கேட்கச் செய்தவரை அவர்கள் நினைக்கலாமே. திரைப்பட நடிகரைக் கல்லூரியில் போற்றுவதா என்று பெரியோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். மொழி உச்சரிப்புக்காகவேனும் மன்னிக்க வேண்டுகின்றோம்.

நுண்ணுயிரியல் துறையினரை விட்டுவிட்டோம் என்று அவர்கள் சினக்க வேண்டா. காசநோய்க் கிருமியைக் கண்டுகாட்டிய இராபர்ட் கோக் 1843-ஆம் ஆண்டு இதே நாளில் பிறந்தவர். அக்கண்டுபிடிப்பை அவர் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24-இல், பாரதியார் பிறந்த ஆண்டிலேயே.

இத்தனை சொல்லிவிட்டு, நாள் என்பதே எவ்வளவு நெகிழ்வானது என்பதைச் சொல்லாதுவிடின் அது நேர்மையாகாது. பாரதியார் மறைந்த நாள் எது? செப்டம்பர் 11 என்றே நாடு நினைவுகூர்கின்றது. 2021-இல் தமிழக அரசும் அந்நாளையே மகாகவி நாளாக அறிவித்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவோ 1921 செப்டம்பர் 12 என்கின்றது. உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மேல் என்பதே இக்குழப்பத்திற்குக் காரணம். கதிரவன் எழுதலில் நாள் தொடங்கும் தமிழ் மரபில் அது இன்னும் ஞாயிற்றுக்கிழமைதான். நள்ளிரவில் தொடங்கும் ஆங்கில முறையில் திங்கள் பிறந்துவிட்டது. மஃக்ரிபோடு நாள் தொடங்கும் நம் வழக்கிலோ திங்கள் பிறந்து பல நாழிகை ஆயிற்று. ஒரே இரவு, மூன்று கணக்கு.

ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 என்னும் ஒரே நாளில் மறைந்தனர் என்று ஆங்கிலத்துறை மேடைகளில் அடிக்கடி கேட்கின்றோம். உலகப் புத்தக நாளும் அதனையொட்டியே குறிக்கப்பட்டது. ஆனால் அந்நாளில் இங்கிலாந்து பழைய யூலியன் நாட்காட்டியையும் இசுபானியா புதிய கிரிகோரியன் நாட்காட்டியையும் பின்பற்றின. இரண்டுக்கும் பத்து நாள் இடைவெளி. போதாக்குறைக்குச் செர்வாண்டிசு முந்தின நாளே இறந்தார் என்றும், 23 அடக்கம் செய்த நாள் என்றும் ஆய்வாளர் கூறுவர்.

தொலைவில் போவானேன்? நம் சமுதாயப் பெரியோர்களையே கேட்போம். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி இருக்கும். அது சேர்க்கைக்கு வயது நிறைய வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் மனமிரங்கி இட்ட தேதி. உம்மாவைக் கேட்டால், "நோன்புப் பிறை இருபத்தேழு, புயலடித்த வருசம்" என்பார். ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள் கொண்டதாதலின், அந்தப் பிறை ஆங்கில ஆண்டு முழுவதையும் சுற்றிவர ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆகும். எனவே உம்மா சொன்ன நாளில் ஒரு முறை மாரியும் ஒரு முறை கோடையும் வரும். இரண்டு தேதிகளுள் எது மெய் என்று எம்மைக் கேட்டால், உம்மாவின் பக்கமே நாம் நிற்போம்.

புயலடித்த வருசம் என்றதும் டிசம்பர் 22 நினைவுக்கு வருகின்றது. கரும்பலகையில் அன்று கணிதமேதை இராமானுசன் பிறந்தநாள் (1887) தவறாது இடம்பெறும். 2012 முதல் அது தேசியக் கணித நாளாகவும் போற்றப்படுகின்றது. 1964-இல் அதே நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயில், ஊரைக் காணுமுன் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு அலைக்குள் மறைந்தது. அவர்கள் எவருடைய பெயரும் பலகைக்கு வருவதில்லை. பெயர் பெற்றவர்க்கே நாள் உண்டு, பெயரற்றவர்க்கு நாளும் இல்லை என்னும் முறை எமக்கு உடன்பாடன்று. இராமானுசனுக்குக் கீழே ஒரு வரிக்கு இடமிருக்கின்றது.

தவறு நேர்ந்தால் என் செய்வது என்று மாணவர் அஞ்சுகின்றனர். பாரதியாரே வழிகாட்டியிருக்கின்றார். 'ரயில்வே ஸ்தானம்' என்னும் கதையில், உடன்பிறந்த பெண்கள் மூவரை ஒரு முஸ்லிம் ஒருங்கே மணந்ததாக எழுதிவிட்டார். அது சரீஅத்திற்கு ஒவ்வாது என்று முஸ்லிம் நண்பர் ஒருவர் எடுத்துக்காட்டினார். பாரதியார் சினக்கவில்லை, மழுப்பவும் இல்லை. தம் பிழையை அச்சிலேயே ஒப்புக்கொண்டு திருத்தம் எழுதினார். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியதைத் திருத்த நமக்கென்ன தயக்கம்?

ஆதலின் துறைத்தலைவர்கள் முன் எமது வேண்டுகோளை வைத்துள்ளோம். அடுத்த டிசம்பர் 11 அன்று பாரதி விழா தமிழ்த்துறை அறையில் மட்டும் நடைபெற வேண்டா. பொது அரங்கில் நடைபெறட்டும். இயற்பியல் மாணவர் ஒருவர் போர்னைப் பற்றிப் பத்து நிமிடம் தமிழில் பேசட்டும். அரபுத்துறை மாணவர் மஹ்ஃபூஸின் சிறுகதை ஒன்றை மூலத்திலிருந்தே நமக்குத் தமிழில் சொல்லட்டும்; தமிழ்த்துறை மாணவர் பாரதியின் கதையொன்றை அவர்களுக்குச் சொல்லட்டும். செலவு, தேநீர்ச் செலவுதான்.

கரும்பலகையின் முதல் வரியை வழக்கம்போல் தமிழ்த்துறை எழுதும். இரண்டாம் வரியை அரபுத்துறைப் பிள்ளைகள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி எழுதுவர். அதற்குரிய இடத்தை விட்டுவைக்குமாறு எம் மாணவர்களிடம் இப்போதே சொல்லிவிட்டோம்.