அறிஞர் அண்ணாதுரையின் இளமையும் காஞ்சியும்

சென்ற விடுமுறையில் நம் மாணவர் சிலருடன் காஞ்சி மாநகருக்குச் சென்றிருந்தேன். வரதராஜர் கோயிலையும் கைலாசநாதர் கற்றளியையும் கண்டு களித்தபின், அறிஞர் சி. என். அண்ணாதுரை வாழ்ந்த வீட்டையும் பார்த்தோம். அரசினர் அதனை நினைவில்லமாகக் காத்து வருகின்றனர். வெளியே வந்ததும் மாணவர் ஒருவர், "ஐயா, எளிய குடும்பத்திற் பிறந்தமையாலன்றோ இவர் பெரியவரானார்!" என்று வியந்தார். அவ்வியப்பு பிழைபட்டதென்பது என் கருத்து.

அண்ணாதுரை 1909 செப்டம்பர் 15ஆம் நாள் நெசவுத்தொழில் சார்ந்த குடும்பத்தில் நடராசன், பங்காரு அம்மாள் ஆகியோர்க்கு மகனாய்த் தோன்றினார். அவரை வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராஜாமணி அம்மையார். 'தொத்தா' என்று அவரை அழைப்பது வழக்கம். உள்ளூர்ப் பச்சையப்பன் பள்ளியிற் படித்துவரும்போது, வீட்டுப் பணமுடையால் படிப்பை நிறுத்தி நகரசபை அலுவலகத்தில் குமாஸ்தாவாய் அமர நேர்ந்தது. மீண்டும் படிப்பைத் தொடர்ந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் 1934இல் பி.ஏ. ஆனர்ஸ் பட்டம் பெற்றார்.

எளிமைதான் காரணமென்றால், அந்நாளில் காஞ்சித் தெருக்களில் பாவு நீட்டி, குழித்தறியில் கால் புதைத்து உழைத்த குடும்பங்கள் எத்தனை! அவ்வீட்டுப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் கல்லூரி வாயிலைக் கண்டாரில்லை. வறுமை நல்லாசிரியன் என்று புகழ்வோர் வறுமையில் வாழ்ந்திரார் என்றே நினைக்கிறேன். அண்ணாதுரைக்கு வாய்த்தது வறுமையன்று; வறுமையினின்றும் மீண்டும் பள்ளிக்குத் திரும்பும் வழி. அவ்வழியைத் திறந்து வைப்பதே நாட்டின் கடன்.

அந்த நகரசபை மேசையை வரலாறெழுதுவோர் ஒரு வரியிற் கடந்து விடுகின்றனர். யானோ அங்குச் சற்று நிற்க விரும்புகிறேன். வரியும் விண்ணப்பமும் ஏழை வீட்டு வாயிலை எவ்வாறு தொடுகின்றன என்பதை அம்மேசையில் அவர் கண்டிருப்பார் என்பது என் ஊகம். அவர் முதன்முதல் நின்ற தேர்தலும் சென்னை நகராண்மைத் தேர்தலே; பெத்துநாயக்கன்பேட்டையில் நின்று தோற்றார். 1942இல் காஞ்சியிலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்கினார். 1949இல் தனிக்கட்சி கண்டார். 1953இல் நெசவாளர் துணி விலைபோகாது வாடியபோது, அவரும் தோழர்களும் கைத்தறித் துணியைச் சுமந்து தெருத்தெருவாய் விற்றனர். பிறந்த வீட்டை மறவாமை என்பது இதுவே.

அரசியற் சட்டத்தின் ஒரு பகுதியைக் கொளுத்த முற்பட்டவரைச் சட்டநெறியாளர் எனலாமோ என்று சிலர் வினவுவர். தக்க வினாவே. ஆட்சிமொழி பற்றிய 17ஆம் பகுதியைக் கொளுத்தப்போவதாக முன்னரே அறிவித்து, 1963 நவம்பரில் அவர் கைதானார். ஆறு திங்கள் சிறைத்தண்டனையும் பெற்றார். சட்டநூலைத் தீயிலிடுதல் எனக்கு உடன்பாடன்று. ஆயினும், சட்டம் முழுவதையும் வெறுத்தவர் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்திரார். அவ்வாண்டிலேயே அவர் கட்சி பிரிவினைக் கோரிக்கையையும் கைவிட்டது.

எனினும் அவரை அளக்க யான் எடுக்கும் கோல் வேறு. 1957இல் சட்டசபைக்கு அனுப்பிய அதே காஞ்சி 1962இல் அவரைத் தோற்கடித்தது. வீட்டையும் குலத்தையும் தொத்தாவையும் நன்கறிந்த ஊர்! பிறப்பே வாக்குகளைத் தருமாயின் அத்தோல்வி நேர்ந்திராது. அவ்வாண்டு அவர் கட்சியினர் ஐம்பதின்மர் சட்டசபை புகுந்தனர். தலைவர் மட்டும் வெளியே நின்றார். வாக்குமுறையை அவர் பழிக்கவில்லை. மாநிலங்களவை உறுப்பினராகித் தில்லி சென்றார்; ஐந்தாண்டு கழித்து, 1967இல், அதே வாக்குமுறையாலேயே முதலமைச்சரானார்.