தம்பி, தங்கை என்னும் செல்வம்

"தம்பி உடையான் படைக்கு அஞ்சான்" என்பது பழமொழி.

படை வருகிறதோ இல்லையோ, தம்பி உள்ள வீட்டில் தினமும் ஒரு சண்டை உண்டு! பெரிய ஒப்புட்டு யாருக்கு, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்று வழக்கு நடக்கும். தீர்ப்புச் சொல்ல அம்மா வருவதற்குள் இருவரும் சிரித்துக் கொண்டிருப்பார்கள்.

தங்கைக்கு 'அ, ஆ' எழுதிக் காட்டும் சிறுமி, தானும் மறுபடி படிக்கிறாள். தம்பியின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்கும் சிறுவன், பொறுப்பைக் கற்கிறான். விட்டுக் கொடுக்கப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

கொங்கு நாட்டாருக்கு இது புதிதல்ல. உடுக்கை அடித்து, இரவு இரவாக இங்கே பாடும் கதை அண்ணன்மார் கதை. அண்ணன் பொன்னர் பொறுமைசாலி. தம்பி சங்கர் வீரன். அவர்களின் செல்லத் தங்கை அருக்காணித் தங்காள். அண்ணன்மார் மாண்டபின் அவர்களைத் தேடிக் காட்டுக்குப் போனவள் அந்தத் தங்கைதான். 1965-ம் ஆண்டில் ஆய்வாளர் பிரெண்டா பெக் இந்தக் கதைப் பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார்.

இன்று வீடுகள் சிறுத்துவிட்டன. தமிழ்நாட்டில் 1992-93-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.5 குழந்தை. 2019-21-ல் அது 1.8 தான் என்கிறது தேசியக் குடும்ப நல ஆய்வு.

அளவான குடும்பம் நல்லதே. ஆனால், ஒற்றைப் பிள்ளை யாரோடு சண்டை போடும்?

வழி உண்டு. சித்தப்பா பிள்ளையும் சித்தி பிள்ளையும் நம் வழக்கில் தம்பி, தங்கைதான். விடுமுறையில் அவர்களை ஒரே வீட்டில் கூட்டுங்கள். ஒரே தட்டில் முறுக்கு வையுங்கள்.

சண்டை வரும். வரட்டும்! சொந்தம் வளர்வது அப்படித்தான்.