தாராவிக்குள் பேய் வருமா?

மும்பைத் தமிழர்கள் ஊரை விட்டு வந்தபோது அம்மனைக் கொண்டுவந்தார்கள், அம்மியைக் கொண்டுவந்தார்கள். கூடவே பேயும் வந்துவிட்டது. அது டிக்கெட் எடுத்து வந்ததா, வித்தவுட்டில் வந்ததா என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, குடியிருக்க இடம். நெல்லைச் சீமைப் பேய்க்குப் புளியமரம் வேண்டும். வேதாளத்துக்கு முருங்கை. மராட்டியத்து முஞ்ஜாவோ பூணூல் போட்டுக் கல்யாணமாகாமல் இறந்த பையனின் ஆவியாம், அதற்கு அரசமரம். அரசமரத்தைக் கண்டால் தமிழர்கள் பிள்ளையாரை உட்கார வைத்துவிடுவார்கள். முஞ்ஜா எங்கே போகும்? தாராவியிலோ பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். ஏழாவதாகப் பேய் எங்கே படுக்கும்?

பேய்க்கு இரும்பும் ஆகாது, தோல் செருப்பும் ஆகாது என்பது பாட்டிமார் கண்ட சாஸ்திரம். தாராவிக்கு மேற்கே ஒரு ரயில் பாதை, கிழக்கே ஒரு ரயில் பாதை. உள்ளே தோல் பட்டறைகள். போதாக்குறைக்குக் கடை வாசலில் எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும்! சாஸ்திரப்படி பார்த்தால் பேய் நுழையவே முடியாத ஊர் தாராவிதான்.

அப்படியானால் மந்திரவாதிக்கு இங்கே என்ன வேலை? தாராவியை மட்டும் சொல்வானேன்? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படித்தவர்கள் வீட்டிலும் தாயத்து இருக்கிறது. காய்ச்சலுக்கும் வலிப்புக்கும் மனச்சோர்வுக்கும் 'பேய்' என்று பெயர் சூட்டிக் காசு பறிப்பதுதான் அந்தத் தொழில். அடி வாங்குவது பேயல்ல. பெரும்பாலும் வீட்டுப் பெண்தான்.

இந்தக் கொடுமையை எதிர்த்துப் பாடுபட்டவர் டாக்டர் நரேந்திர தபோல்கர். 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல்லாண்டு போராடிக் கேட்ட சட்டம், அவர் உயிர் போன பிறகு அதே ஆண்டில் வந்தது. பேய் ஓட்டுவதாகச் சொல்லிக் கட்டிவைத்து அடிப்பதும், மிளகாய்ப் புகை போடுவதும், செருப்பு ஊறிய தண்ணீரைக் குடிக்க வைப்பதும் மகாராஷ்டிராவில் குற்றம். 6 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை. 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம்.

பேய்க்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். ஓட்டுகிறவருக்கும் அழைத்து வருகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடம்போ மனமோ சரியில்லை என்றால், கூப்பிடு தூரத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. பேய் அங்கே வராது. வந்தாலும் கேஸ்பேப்பர் எடுத்து வரிசையில்தான் நிற்க வேண்டும்!